தலையில்லாத ஆணி

என் இடது கட்டை விரல் நகம் இரண்டாகப் பிளந்துதான் வளரும். வெட்டி விட்டாலும் அப்படித்தான். பக்கத்து விரலின் நுனியில் உணர்ச்சி கிடையாது. காய் நறுக்கும்போது ரத்தத்தைக் கண்ணால் பார்த்துத்தான், வெட்டிக்கொண்டேன் என்று தெரிந்துகொள்வேன்.

ஆணி அடிக்கிற துப்பாக்கி ஒன்றைத் தேடி நான் கடைக்குப் போனது இந்த இரண்டு விரலால்தான்.

வீட்டுக்காரர் மரவேலைக்காரர். கதவு, நிலை, கட்டில் எல்லாம் தொடமாட்டார். சாமி படத்துக்குச் சட்டம், மாதா சுரூபம் வைக்கிற கண்ணாடிப் பெட்டி, கிறிஸ்துமஸ் குடில் என்று சின்ன வேலைகள்தான். திண்டுக்கல்லில் பழனி ரோட்டை விட்டு உள்ளே வந்தால் இரண்டாவது தெருவில் எங்கள் வீடு. முன்னறைதான் பட்டறை.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், பீடிங்கைப் பிடிக்கச் சொன்னார். பீடிங் என்றால் விரல் அகலம்கூட இல்லாத தேக்குப் பட்டை. பெட்டியில் கண்ணாடியை விழாமல் நிறுத்துவது அதுதான். அதில் அடிக்கிற ஆணி குண்டூசியை விடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். பட்டையையும் ஆணியையும் நான் பிடிப்பேன். அவர் அடிப்பார். பதினெட்டு வருஷம் பிடித்தேன்.

சுத்தியல் தப்பும். "தப்பிருச்சு" என்பார். அடுத்த ஆணியை எடுக்கச் சொல்வார்.

குழம்பில் உப்புக் கூடின அன்று தப்பும். என் அம்மா வீட்டில் இருந்து போன் வந்த அன்று தப்பும். எனக்குப் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொன்ன வாரம் மூன்று தடவை தப்பியது. சில நாள் கொழுந்தன் வந்து பிடிப்பான். அவன் பிடித்தபோது ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. இதை நான் கவனிக்கவே பல வருஷம் ஆனது. கவனித்த பிறகும் பிடித்தேன்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம், காலையில் சுத்தியலை எடுத்தார். எடுத்த கை மேலே போகவில்லை. சுத்தியல் கீழே விழுந்தது. பிறகு அவரும் விழுந்தார். வலது கையும் காலும் போய்விட்டன. வாய் மட்டும் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. ஒரு பக்கம் கோணல். ஆனால் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்ல முடிந்தது.

பட்டறை மூலையிலேயே அவருக்குக் கட்டில் போட்டேன். உள்ளறைக்குப் படி ஏற வேண்டும்.

ஜூலை மாதம் எங்கள் கோயில் பங்குச் சாமியார் வந்தார். எங்கள் பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள். முப்பது, நாற்பது வீடு சேர்ந்தது ஒரு அன்பியம். அக்டோபர் மாதம் முழுக்க ஒவ்வொரு அன்பியத்திலும் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டு போய் ஜெபமாலை சொல்வார்கள். பழைய பெட்டிகள் உளுத்துப்போய்விட்டன. புதிதாகப் பன்னிரண்டு பெட்டி வேண்டும் என்றார். வேறு ஆளிடம் கொடுக்கட்டுமா என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டார். நான் செய்கிறேன் என்றேன். சாமியார் என்னை அப்போதுதான் பார்த்தார்.

மறுநாள் கொழுந்தன் வந்துவிட்டான். அவன் பூட்டுக்குச் சாமான் வாங்கி விற்கிறவன். முன்னறையைச் சரக்கு வைக்கிற குடோனாக்க வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாளாக ஆசை. வீடு மாமனார் வைத்துவிட்டுப் போனது. அவனுக்கும் பங்கு உண்டு.

"மதினி, யாருக்காக இம்புட்டுப் பாடு? பிள்ளையா குட்டியா?" என்றான்.

நான் பலகையை அளந்துகொண்டிருந்தேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். என்னிடம் கேட்கவில்லை. சொன்னார்கள். செப்டம்பர் கடைசிக்குள் பன்னிரண்டு பெட்டியும் நான் முடித்தால் பட்டறை இருக்கும். முடியாவிட்டால் சாவி தம்பிக்கு. வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

பட்டறை இல்லை என்றால் எனக்குச் சோறு கொழுந்தன் வீட்டில். அவன் பெண்டாட்டி கையால். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அளப்பது, அறுப்பது, இழைப்பது, பசை போடுவது, சீலர் பூச்சு அடிப்பது எல்லாம் எப்போதோ என் கைக்கு வந்திருந்தன. ஆணி மட்டும் அவர் வேலை. தனியாக அடித்துப் பார்த்தேன். பிளந்த நகத்துக்கும் செத்த விரலுக்கும் நடுவில் ஆணியைப் பிடித்தால், பிடித்திருக்கிறேனா இல்லையா என்று தெரியவில்லை. ஆணி சாய்ந்தது. சுத்தியல் கண்ணாடியில் பட்டது. வெறும் பசையில் ஒட்டிப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கி ஆட்டினதும் பட்டை பிரிந்து வந்தது. மாதாவைத் தெருவில் தூக்கிக்கொண்டு போவார்கள். கண்ணாடி ஜனங்களின் காலில் விழும்.

சீலர் அடிக்கிற கம்ப்ரஸர் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் மாட்டி ஆணி அடிக்கிற துப்பாக்கி உண்டு என்று தெரியும். கல்யாணத்துக்கு முன்பு அவர் கோயமுத்தூரில் ஒரு பர்னிச்சர் கம்பெனியில் இரண்டு வருஷம் அதைத்தான் பிடித்திருந்தார். எதை வாங்கலாம் என்று அவரிடமே கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எஃப் தேர்ட்டின்னு கேளு. பதினெட்டுக் கேஜு. எல்லாத்துக்கும் அதுதான்" என்றார்.

டவுன் பஸ் பிடித்து பேகம்பூர் போனேன். அங்கே ஒரு பாய் இந்தச் சாமான் எல்லாம் வைத்திருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் இருந்த ஆள் நான் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தார். எதுக்கு என்று கேட்கவில்லை.

சாயங்காலம் கொழுந்தனும் வந்திருந்தான். வேடிக்கை பார்க்கத்தான். குழாயை மாட்டி, பட்டையை வைத்து, அழுத்தினேன். பட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. இன்னொன்று வைத்தேன். அதுவும் பிளந்தது. ஐந்து பட்டையில் நாலு பிளந்தது. ஐந்தாவதில் ஆணி உள்ளே போய்க் கண்ணாடியைக் கீறிவிட்டது.

"மதினி, இது பந்தக்கால் அடிக்கிற மிஷினாட்டம்ல இருக்கு. மாதாவுக்குப் பந்தல் போடப் போறீங்களா?" என்றான் கொழுந்தன்.

வீட்டுக்காரர் பாதி வாயால் சிரித்தார். மறுபாதியில் எச்சில் ஒழுகியது. துண்டால் துடைத்துவிட்டேன். துடைக்கும்போதும் சிரித்தார்.

மறுநாள் துப்பாக்கியையும் பிளந்த பட்டைகளையும் தூக்கிக்கொண்டு போனேன். பாய் கடையில் இருந்தார். பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இந்தத் தடிமனுக்கு யாருக்கா எஃப் தேர்ட்டி சொன்னது? இதுல வர்ற ஆணிக்குத் தலை உண்டு. பிளக்காம என்ன செய்யும். கம்பெனில ஒரு வாரம் வேலை பாத்தவனுக்குக்கூடத் தெரியும்" என்றார்.

இரண்டு வருஷம் பார்த்தவர் என்று நான் சொல்லவில்லை.

சுட்டுப் பார்த்த சாமானைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். நியாயம்தான். அப்படியானால் எனக்கு எது வேண்டும் என்று கேட்டேன். இருபத்து மூணு கேஜ் பின் கன் என்றார். கேஜ் ஏற ஏற ஆணி மெலியுமாம். ஒரு ஆணியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். முடி மாதிரி இருந்தது. தலை இல்லை. மரத்தில் போனால் போன இடம் தெரியாது என்றார். விலை கேட்டேன். என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் நின்றேன். பிளக்கும் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும்" என்றார். பிறகு, "நீ பிடிக்கப் பொறந்தவ. அடிக்கப் பொறந்தவ இல்ல" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு உலை வைத்தேன்.

ரெட்டியார்சத்திரத்தில் ஒரு ஆசாரி இருந்தார். வீட்டுக்காரரின் இழைப்புளிகள் மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண். ஒன்பது இழைப்புளிகள். இரண்டு இவருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் தந்தது. உளிகள் பதினாலு. ஈரத்தில் வைக்கமாட்டார், யாரையும் தொட விடமாட்டார். வாரம் ஒரு தடவை எண்ணெய் போடுவார். விழுந்த பிறகு என்னைப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆசாரிக்குப் போன் போட்டேன். எனக்கு ஒரு இழைப்புளியும் இரண்டு உளியும் போதும். மற்றதை விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

ஆசாரி மறுநாள் காலையிலேயே சாக்கோடு வந்தார். கட்டிலில் இவரைப் பார்த்ததும் கூச்சப்பட்டார். எடுத்துக்கிறட்டுமாண்ணே என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டேன். உள்ளே கொண்டு போய்ச் செய்திருக்கலாம். கட்டிலுக்கு முன்னால் வைத்துத்தான் செய்தேன்.

"கை வந்தா நான் எதை வச்சு வேலை பாப்பேன்?" என்றார்.

"வரட்டும். அப்பப் பாப்போம்" என்றேன்.

அதுவரைக்கும் அவர் வலது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தது. விடாமல் அமுக்கினால் கை திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். சுண்டு விரல் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. ஆசாரி வந்து போன மறுநாள் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பெருக்கும்போது பார்த்தேன். எடுத்துக் கொடுக்கவில்லை.

இந்தத் தடவை பாய் கடைக்கு என் பட்டைகளையே ஒரு கட்டு கொண்டு போனேன். அடித்துப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றேன். பாய் கடையின் பின்பக்கம் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார். நாலு துப்பாக்கியை மேஜையில் வைத்தார்.

முதலாவது பேட்டரியில் ஓடுவது. குழாய் வேண்டாம், கரண்டு போனாலும் வேலை நிற்காது. ஆனால் தூக்கினால் பெரிய பூசணிக்காய் கனம். பெட்டிக்கு உள்ளே மூலையில் மூக்கு நுழையவில்லை. வைத்துவிட்டேன். இரண்டாவது நன்றாகத்தான் அடித்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் மூக்கில் இருந்து எண்ணெய் கக்கியது. தேக்கில் எண்ணெய் பட்டால் சீலர் பிடிக்காது. மூன்றாவது மலிவு. விசையைத் தொட்டாலே சுட்டது. கீழே வைக்கும்போது தானாக ஒன்று சுட்டு மேஜையில் இறங்கியது. பாய் அதைப் பேசாமல் எடுத்து அலமாரியில் வைத்தார்.

நாலாவது என் உள்ளங்கைக்குச் சரியாக இருந்தது. விசைக்குப் பின்னால் இன்னொரு விசை. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் சுடும். மூக்கு நுனியில் ரப்பர். அரை இஞ்சில் இருந்து ஒரு இஞ்சு வரைக்கும் ஆணி போடலாம். பட்டையில் அடித்தேன். பிளக்கவில்லை. இன்னும் பத்து அடித்தேன். விரலால் தடவினேன். எங்கே அடித்தேன் என்று தெரியவில்லை. செத்த விரல் என்று நினைத்து அடுத்த கையால் தடவினேன். அப்போதும் தெரியவில்லை.

இதுதான் என்றேன்.

பாய் டப்பாவில் போட்டுக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

"அக்கா, இந்த ஆணி மெலிசு. மரத்துல ரேகை எங்கிட்டுத் திரும்புதோ அங்கிட்டே இதுவும் திரும்பும். நேராப் போகும்னு நம்பாதீங்க. பக்கவாட்டுல வெளிய வந்துரும். விரலை ரெண்டு இஞ்சு தள்ளியே வைங்க."

வைக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் நடுவில் முதல் பெட்டி முடிந்தது. ஒரு பலகையில் இரண்டு கட்டை அடித்து, பட்டை நகராமல் இருக்க ஒரு தாங்கல் செய்துகொண்டேன். இடது உள்ளங்கையை மேலே வைத்து அமுக்கினால் போதும், விரல் வேண்டாம். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் கட்டிலில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். சுத்தியல் சத்தம் கேட்டுப் பழகியவர்.

மாதாவின் பாதத்துக்குக் கீழே ஒரு சின்னப் படி, பின்னால் நீலத் துணி, மேலே சிலுவை. ஒரு பெட்டிக்கு நாலு நாள் என்று போனது. ஆள் இல்லாமல் தாங்கலில் மாற்றி மாற்றி வைப்பதற்கே பாதி நேரம் ஆனது. இரண்டு, மூன்று பெட்டியைச் சேர்த்துச் செய்யப் பழகினேன். செப்டம்பர் பாதியில் எட்டு முடிந்திருந்தது. அப்புறம் கரண்டு படுத்தியது. லைன் வேலை என்று ஒரு நாள், டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்று மூன்று நாள். காற்று இல்லாமல் துப்பாக்கி வெறும் இரும்பு. பேட்டரித் துப்பாக்கியை நினைத்துக்கொண்டேன்.

கரண்டு வந்த அன்று கொழுந்தன் டேப்போடு வந்தான். முன்னறையை அளந்தான். அலமாரி எத்தனை வரும் என்று வாய்விட்டுக் கணக்குப் போட்டான். கட்டிலுக்கு அடியிலும் டேப்பை நீட்டினான்.

"இதை என்ன செய்யப் போறே?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கட்டிலைத்தான்.

"உன்னையப் பின்னால குளியலறைப் பக்கம் போட்டுருவோம்ணே. ஆஸ்பெட்டாஸ் கூரை இருக்குல்ல. காத்து நல்லா வரும்" என்றான்.

அவன் போய்விட்டான். மதியம் சாப்பாடு ஊட்டினேன். பாதியில் வாயை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"நான் பிடிக்கவா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினார். அது நல்ல கை.

நாள் குறைவாக இருந்தது. ஒரு ஆள் பிடித்தால் வேலை இரண்டு மடங்கு ஓடும். நாற்காலியில் உட்கார வைத்து மேஜை பக்கம் இழுத்துப் போட்டேன்.

"எங்க பிடிக்கணும்?" என்றார்.

"நான் பிடிச்ச இடத்துல பிடிங்க" என்றேன்.

அவருக்கு இடம் தெரிந்திருந்தது. மூலைக்குப் பக்கத்தில், கட்டை விரலை மேலே வைத்து, அடுத்த விரலைக் கீழே கொடுத்து, சரியாகப் பிடித்தார். பாய் சொன்னதை நான் சொல்லவில்லை. கோயமுத்தூரில் அவர் அதைக் கற்றிருப்பார், இல்லை இருபது வருஷத்தில் மறந்திருப்பார். எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஒன்பதாம் பெட்டி ஒரே நாளில் முடிந்தது. பத்தாவதும் அப்படியே. அவர் நன்றாகப் பிடித்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். கை நடுங்கவில்லை.

பதினொன்றாம் பெட்டியில் கீழ் மூலை. அந்தப் பட்டையில் ஒரு சின்னக் கணு இருந்தது. கணுவைச் சுற்றி ரேகை வளைந்து, அவர் கட்டை விரல் பக்கமாகத் திரும்பியிருந்தது. பார்த்தேன். பட்டையைத் திருப்பிப் போட்டிருக்கலாம். வேறு பட்டை எடுத்திருக்கலாம். பக்கத்திலேயே நாலைந்து கிடந்தன.

இரண்டு விசையையும் அழுத்தினேன்.

டக் என்ற சத்தம் மாறவில்லை. ஆணி பட்டைக்குள் போய், திரும்பி, பக்கவாட்டில் வந்து, அவர் விரலுக்குள் இறங்கியிருந்தது. அவர் கத்தவில்லை. விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்பிருச்சா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். ஆணியைக் குறடால் பிடுங்க முடியவில்லை. பிடிக்கத் தலை இல்லை. அதனால் விரலைத்தான் ஆணியில் இருந்து உருவ வேண்டியிருந்தது. மெதுவாக உருவினால் வலி கூடும். எனக்குத் தெரியும். மெதுவாகத்தான் உருவினேன்.

மஞ்சள் வைத்துத் துணி கட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டுவந்தேன். அந்தப் பட்டையை நான் கழற்றவில்லை. நீட்டிக்கொண்டிருந்த ஆணியை வெட்டி, அரம் போட்டு, சீலர் அடித்தேன். ரத்தம் தேக்கில் ஊறியிருந்தது. தேக்கும் அந்த நிறம்தான்.

மறுநாள் காலையில் துப்பாக்கியை எடுத்தேன். கூப்பிடவில்லை. "நாற்காலியை இழு" என்றார்.

இழுத்துப் போட்டேன். கட்டுப் போட்ட விரலோடு அதே இடத்தில் பட்டையைப் பிடித்தார்.

"ரெண்டு இஞ்சு தள்ளிப் பிடிங்க" என்றேன்.

தள்ளிப் பிடித்தார்.

செப்டம்பர் கடைசி நாள் கொழுந்தன் இரண்டு ஆட்களோடு வந்தான். வாசலில் சின்ன வேன் நின்றது. பன்னிரண்டு பெட்டியும் சுவர் ஓரமாக வரிசையாக இருந்தன. அவன் ஒரு தடவை எண்ணினான். ஒரு பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். கண்ணாடி அசையவில்லை.

"அண்ணே, இதெல்லாம் ஒரு மாசத்துக்குத்தான். அடுத்து யாரு வேலை குடுக்கப் போறா? சாவியைக் குடு, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

"சாவி அவகிட்ட இருக்கு. அவளைக் கேளு" என்றார் வீட்டுக்காரர்.

கொழுந்தன் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன். போகிறவன் திரும்பி அண்ணன் கையைப் பார்த்தான். விரலில் என்ன என்று கேட்டான்.

நான் துப்பாக்கிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். விடுவதை நிறுத்தினேன்.

"தப்பிருச்சு" என்றார் அவர்.

அக்டோபரில் எங்கள் தெருவுக்கு வந்தது பதினொன்றாம் பெட்டி. முன்னறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், வேலை மேஜை மேல்தான் வைத்தார்கள். ஜனங்கள் முட்டி போட்டார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கீழ் மூலையைப் பார்த்தேன். பட்டை அசையாமல் இருந்தது. வீட்டுக்காரர் இடது கையில் ஜெபமாலை உருட்டினார். கட்டை விரல் மடங்கவில்லை. மணி நழுவி நழுவிப் போனது. ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து தேடினார்.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை.